விலை காதுக்குக் கேட்குமா?

“மூணு லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கலாமா?”ன்னு ஒரு நண்பர் கேட்டார். சீட்டு எடுத்த பணத்தை மொத்தமா போட்டு நானும் வாங்கினவன்தான். வீட்டுல வெச்சதும், மிருதங்கம் குடத்துக்குள்ள தட்டுற மாதிரி இருந்தது. மூலையில் வைத்தால் சுவர்கள் தாழ்ந்த ஒலியைப் பெருக்கிவிடும். ரெண்டடி முன்னால இழுத்தேன், தெளிஞ்சிடுச்சு. இதையே பழைய ஸ்பீக்கருக்குச் செஞ்சு பார்த்திருக்கலாமேன்னு அப்புறம்தான் உறைச்சது.

1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களைக் கண்ணெதிரே வைத்தும், திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கச் செய்தார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடியவற்றுக்கு மதிப்பெண் அள்ளிக் கொடுத்தவர்கள், மறைத்ததும் அவ்வளவு கொடுக்கவில்லை.

நல்ல ஸ்பீக்கருக்குச் செலவு ஆகும்தான். ஆனா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டும் வித்தியாசம் தெரிஞ்சா மட்டும் பர்ஸைத் திறங்க.