இது யார் வழியாய் வந்தது?



அரிவாள் செல் இரத்தசோகையுள்ள பிள்ளையின் கட்டிலருகே வீட்டார் கேட்கும் கேள்வி, "இது யார் வழியாய் வந்தது?" என்பதே. பெரும்பாலும் பழி தாயின்மேல் விழுகிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இவ்விதமாகவே கேட்டார்கள். ஆண்டவரோ அவன்மேலும் அவனைப் பெற்றவர்கள்மேலும் பழி சுமத்தவில்லை.

மருத்துவமும் சுமத்துவதில்லை. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக, மாறுபட்ட இரண்டு மரபணுக்கள் சேர்ந்தால்தான் இந்நோய் வரும். ஒன்றை மட்டும் உடையவர் பொதுவாகச் சுகமாகவே வாழ்கிறார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. மூத்ததற்கு வந்துவிட்டது, இளையதற்கு வராது என்று கணக்குப் போடலாகாது.

இது சாபமும் அல்ல. மலேரியா மிகுந்த இடங்களில் அந்த ஒற்றை மரபணு குழந்தைகளைக் கடும் மலேரியாவினின்று காத்தது. ஆகையால் தலைமுறைகளாய் நிலைத்தது. இந்தியாவில் 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இது கண்டறியப்பட்டது. இன்று இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம். ஹைட்ராக்சியூரியா மருந்து, வேதனைமிகுந்த வலி அடிக்கடி வருவதைக் குறைக்கிறது.

பிரியமானவர்களே, இந்நோய் காணப்படும் குடும்பங்களில், கலியாண ஓலை வாசிக்குமுன்னே இருவரும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வசதியற்றோரின் பரிசோதனைச் செலவை உங்கள் காணிக்கை தாங்கட்டும். பிள்ளையோடு தனியே வரும் தாயைக் கண்டால், "இது உன் குற்றமல்ல, அம்மா" என்று தேற்றி, தகப்பனையும் அழைத்துவரச் செய்யுங்கள்.