ஏலத்தில் பிழைத்த ஹாலிவுட்



2024 டிசம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு ஜோடிக் காலணி ஏலத்துக்கு வந்தது. சுத்தியல் விழுந்தபோது நின்ற தொகை 2 கோடியே 80 லட்சம் டாலர். ஏல நிறுவனத்தின் கமிஷனையும் சேர்த்து வாங்கியவர் கொடுத்தது 3 கோடியே 25 லட்சம். 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சிறுமி டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டுக்காகச் செய்த சிவப்புக் காலணிகள் அவை.

அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாணிக்கம் எதுவும் கிடையாது. துணி மேல் ஆயிரக்கணக்கான சம்கிகள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சம்கிகளின் உட்பகுதி ஜெலட்டின். நீர் பட்டால் கெட்டுவிடும், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். மரத்தரையில் ஆடும்போது சத்தம் கேட்காமலிருக்க அடியில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. மூல நாவலில் டோரத்தி அணிவது வெள்ளிக் காலணி; டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று படத்தில் சிவப்பாக்கினார்கள். உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் உருவாக்கியது. சில மாதப் படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும் என்று செய்த பொருள், 85 ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. அதைத் தாங்க வைத்தவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்களுடைய கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தக் கலைக்குப் பிறந்த நாள் என்று ஒன்று உண்டென்றால், அது 1970 மே மாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் எம்.ஜி.எம். படக் கம்பெனி கிர்க் கெர்கோரியன் என்ற முதலீட்டாளரின் கைக்கு வந்திருந்தது. கிடங்குகளில் நிரம்பிக் கிடந்த உடைகள், மரச்சாமான்கள், கப்பல்கள், தேர்கள் எல்லாம் புதிய நிர்வாகத்துக்கு இடத்தை அடைக்கும் சுமையாகத் தெரிந்தன. டேவிட் வைஸ் என்ற ஏலக்காரர் ஏறத்தாழ 15 லட்சம் டாலருக்கு மொத்தமாக வாங்கி, கல்வர் சிட்டி வளாகத்திலேயே 18 நாட்கள் ஏலம் விட்டார். சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. ஏலத்துக்கு வந்தவையாவது பிழைத்தன. அதே காலத்தில் எம்.ஜி.எம். இசைப் படங்களின் வாத்திய இசைக்குறிப்புகளைக் குப்பையோடு குப்பையாக மண்ணில் கொட்டிப் புதைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற இசை நடத்துநர் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் காதால் கேட்டுத்தான் அவற்றை மறுபடி எழுதவேண்டியிருந்தது.

அந்த ஏலத்துக்கான வேலையில் கென்ட் வார்னர் என்ற உடைப் பணியாளர் இருந்தார். கிடங்கில் மறந்து கிடந்த சிவப்புக் காலணிகளைத் தேடிக் கண்டெடுத்தவர் அவர். ஒரு ஜோடி ஏலத்துக்குப் போக, மற்றவை அவர் வழியாகத் தனியார் கைகளுக்குச் சென்றன. அவர் செய்தது முறையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் கருத்து இதுதான்: உரிமையாளரே வேண்டாம் என்று கழித்த பொருளின் அருமை அந்த ஒரு தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண் இல்லையென்றால் இன்று அருங்காட்சியகங்களில் பார்க்க எதுவும் மிஞ்சியிராது.

ஏல வரிசையில் வந்து நின்ற இன்னொருவர், 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தின் கதாநாயகி டெபி ரெனால்ட்ஸ். தன் சொந்தப் பணத்தைப் போட்டு உடைகளை வாங்கினார். பிறகும் வாங்கிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் ஓர் அருங்காட்சியகமாக வைக்கவேண்டும் என்பது அவர் கனவு. 1990-களில் லாஸ் வேகாஸில் தன் ஹோட்டலிலேயே வைத்துப் பார்த்தார், அது நொடித்துப்போனது. பிறகு ஹாலிவுட்டில் முயன்றார், அதுவும் நடக்கவில்லை. ஆஸ்கர் வழங்கும் அகாடமியிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார், அவர்கள் ஏற்கவில்லை. கடைசியில் 2011 ஜூனில் அவரே ஏலம் விட்டார். 'தி செவன் இயர் இட்ச்' படத்தில் காற்றில் பறக்கும் மர்லின் மன்றோவின் வெள்ளை உடை 46 லட்சம் டாலருக்குப் போனது. 'மை ஃபேர் லேடி'யில் குதிரைப் பந்தயக் காட்சிக்காக செசில் பீட்டன் வடிவமைத்த ஆட்ரி ஹெப்பர்னின் உடை 37 லட்சம். கடன் தீர்ந்தது. நாற்பது ஆண்டு சேர்த்தது ஒவ்வொன்றாக உலகம் முழுக்கச் சிதறியது. ஏலத்தின் வலிமையும் கொடுமையும் எனக்கு அந்த ஒரு நிகழ்ச்சியில்தான் சேர்ந்து தெரிகின்றன.

சரி, ஒரு பொருள் அசல்தான் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கலையின் உயிர்நாடி இங்கேதான். பழைய கம்பெனிகள் உடைகளின் உட்புறம் சிறு துணிச்சீட்டு தைத்து நடிகரின் பெயரை எழுதுவார்கள். அது நல்ல சாட்சி. ஆனால் அதே உடையைப் பிரித்துத் தைத்து, சாயம் மாற்றி, வேறொரு படத்தில் வேறொருவருக்குப் போட்டிருப்பார்கள். ஆகவே வல்லுநர்கள் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் நிறுத்திப் பொருளோடு ஒப்பிடுகிறார்கள்: பூ வேலைப்பாடு தையலில் எந்த இடத்தில் முறிகிறது, மரத்தில் ரேகை எப்படி ஓடுகிறது என்று. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் கோழைச் சிங்கம் அணிந்த உடை உண்மையான சிங்கத் தோல். சந்தையில் மாடு பிடிப்பவர் சுழி பார்ப்பதுபோல, அந்தத் தோலின் மயிர்ச் சுழிகளைப் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். 2014-இல் நியூயார்க்கில் அது 30 லட்சம் டாலரைத் தாண்டியது.

போஸ்டர்களின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அனுப்பிய போஸ்டரைப் படம் மாறியதும் அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள், அல்லது தூக்கி எறிவார்கள். யாரும் சேர்த்து வைக்க அச்சிட்டதல்ல. அதனால்தான் அருமை. பென்சில்வேனியா மாநிலத்தின் பெர்விக் என்ற ஊரில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையால் ஒட்டிய ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. ஆவி காட்டிப் பொறுமையாகப் பிரித்தபோது 1930, 31-ஆம் ஆண்டுகளின் 33 போஸ்டர்கள் வெளிவந்தன. 'டிராகுலா'வும் அவற்றில் ஒன்று. 2012-இல் எல்லாம் சேர்ந்து 5,03,000 டாலருக்கு விற்றன. கிழிந்த போஸ்டரைத் துணியில் ஒட்டிப் பலப்படுத்துவது நல்ல பராமரிப்பு. அழிந்த பாதிப் படத்தைப் புதிதாக வரைந்து நிரப்பிவிட்டு அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. எந்த இடத்தில் கை வைத்தோம் என்று ஏலப் பட்டியலில் எழுதும் நிறுவனத்தைத்தான் நம்பவேண்டும்.

இதில் நிழலான பக்கமும் இருக்கிறது. டல்லாஸில் விற்ற காலணி ஜோடி, 2005-இல் மினசோட்டா மாநிலத்தில் ஜூடி கார்லண்ட் பிறந்த ஊர் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது. எஃப்.பி.ஐ. அதை மீட்டது 2018-இல். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஜோடியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டு ஜோடிகளும் எப்போதோ மாறிப்போனவை என்று தெரிந்தது. ஒன்றின் இணை மற்றதில் இருந்தது. திருட்டை விசாரிக்கப் போய் வரலாற்றுக்கு ஒரு உண்மை கிடைத்தது.

திருட்டைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது, காசு கொடுத்து வாங்கியவர்கள் செய்யும் சேதம். ஜனாதிபதி கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ பாடியபோது அணிந்த உடையை ரிப்ளீஸ் நிறுவனம் 2016-இல் 48 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2022-இல் அதையே ஒரு விழாவுக்கு அணிய இரவல் கொடுத்தார்கள். சர்வதேச அருங்காட்சியக அமைப்பின் உடைப் பிரிவினர், வரலாற்று உடையை யாரும் அணியக்கூடாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார்கள். நானும் அவர்கள் பக்கம். அறுபது ஆண்டுப் பழமையான நூலிழைக்கு மனித வியர்வையும் அசைவும் எமன்.

ஏலப் பணம் நல்ல இடம் சேர்வதும் உண்டு. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்துக்காக ஜிவான்ஷி தைத்த கறுப்பு உடை ஒன்றை, அவரே எழுத்தாளர் தொமினிக் லாபியேருக்குக் கொடுத்தார். 2006 டிசம்பரில் லண்டனில் அது 4,67,200 பவுண்டுக்கு விற்றது. அந்தப் பணம் வந்து சேர்ந்தது நம் கல்கத்தாவின் ஏழைக் குழந்தைகளுக்கு.

ஆஸ்கர் சிலை மட்டும் இந்தச் சந்தைக்கு எளிதில் வராது. 1950-களின் தொடக்கத்திலிருந்து, விற்பதானால் முதலில் அகாடமிக்கே தருவதாகப் பரிசு பெற்றவர் கையெழுத்திடவேண்டும். இன்று அதற்கு அகாடமி தரும் விலை ஒரே ஒரு டாலர். அதற்கு முந்தையவை ஏலத்துக்கு வருகின்றன. கிளார்க் கேபிளின் ஆஸ்கரை 1996-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, நேராக அகாடமியிடமே ஒப்படைத்தார். இன்னொரு ஜோடிச் சிவப்புக் காலணியை லியனார்டோ டிகாப்ரியோவும் ஸ்பீல்பெர்க்கும் மற்றவர்களும் 2012-இல் பணம் தந்து அகாடமிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். நான் பெரிதும் மதிப்பது இத்தகைய வாங்குதலைத்தான். ஏலத்தில் போட்டி போட்டு ஜெயித்து, ஜெயித்ததை எல்லோர் கண்ணுக்கும் திறந்து வைப்பது.

அகாடமியின் அருங்காட்சியகம் 2021-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறந்தது. டெபி ரெனால்ட்ஸ் இறந்து அப்போது ஐந்தாண்டு ஆகப்போகிறது. பழைய பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கூடத்துக்கு அங்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.