கட்டாய இடம்: டான்ட்ரிக்ஸ் விதிகளும் அப்பாவும்

இன்னைக்கு டான்ட்ரிக்ஸ். நியூசிலாந்துக்காரர் மைக் மக்மனவே உருவாக்கின விளையாட்டு. டோமினோ மாதிரிதான். ஆனா புள்ளிகளுக்குப் பதிலா நிறக்கோடுகள், நீளக் கட்டைக்குப் பதிலா அறுகோணச் சில்லு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஒரு சில்லுல இந்த நாலில் மூணு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

மொத்தம் 56 சில்லு. ஏன் 56? ஆறு பக்கங்களை மூன்று கோடுகளால் ஜோடி சேர்த்து, மூன்று நிறம் கொடுத்து, திருப்பினால் ஒன்றாகிறதைக் கழித்தால் 16 வரும். மூணு கோடும் நேரா நடுவில் வெட்டிக்கிற 2 சில்லுகளை செட்டில் சேர்க்கலை. மீதி 14. நாலில் மூணு நிறத்தைத் தேர்ந்தெடுக்க 4 வழி. பத்து வரி பைத்தான் எழுதி சரிபார்த்தேன், தேவையே இல்லாம.

ஆளுக்கு ஒரு நிறம், எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஆறு சில்லு. தொடுற பக்கம் எல்லாத்திலும் நிறம் பொருந்தணும். மூன்று சில்லு சூழ்ந்த காலி இடம்தான் ‘கட்டாய இடம்’. பொருந்துற சில்லு உங்க கையில் இருந்தா வெச்சே ஆகணும். முதல்ல கட்டாயம், அப்புறம் இஷ்டப்படி ஒண்ணு, அது புதுசா கட்டாய இடம் உண்டாக்கினா அதையும் நிரப்பணும். அந்த இடத்தை மூணு பக்கமும் ஒரே நிறம் பார்க்கிற மாதிரி வைக்கக் கூடாது. ஒரு சில்லுல ஒரு நிறத்துக்கு இரண்டு முனைதானே, அங்க எதுவுமே பொருந்தாது.

நான் அப்பாவுக்கு ‘வெச்சே ஆகணும்’னு சொல்லலை, ‘வைக்கலாம்’னு சொல்லிட்டேன். ரெண்டு தடவை அவர் விட்டுட்டுப் போனார். நிரப்பியிருந்தா என் நீலக்கோடு வேற பக்கம் திரும்பியிருக்கும். பார்த்துட்டே சும்மா இருந்தேன். பிறகு என் முறையில் மூணு சில்லு வெச்சு அவரோட சிவப்பைத் திருப்பிவிட்டேன்.

“ஒரு தடவைல எத்தனைடா வைப்ப?”

“கட்டாய இடம்ப்பா, விதி.”

“உனக்கு வேணும்போது மட்டும் விதி வருது.” எழுந்து போய்ட்டார்.

அடுத்த ஞாயிறு விதித்தாளில் பென்சில் கோடு போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு சில்லுக்கு 1 புள்ளி, மூடின வளையத்துக்கு 2. பை காலியானதும் தடைகள் கிடையாதுங்கிறதை நான் மறந்தே போயிருந்தேன். அங்கதான் மூடினார். எட்டு சில்லு வளையம், 16 புள்ளி. என் கோடு 11.