ஆங்கிலத் துணைவினைகளில் ஐயமும் துணிவும்

(வெள்ளி விழாவில் இளைஞர்களுக்காக ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணமா என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக்கென்றே அமைந்த சங்கத்தின் விழாவில் இலக்கணம் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஆயினும் அஞ்ச வேண்டா. மே, மைட், கேன், குட், மஸ்ட், ஷுட், வில், ஷல் என்னும் சின்னஞ்சிறு துணைவினைகளை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொண்டுள்ளோம். பள்ளியில் இவற்றைக் கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பினோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். ஆனால் வேலைக்கு அழைக்கும் கடிதத்திலும், வங்கிக் கடன் படிவத்திலும், மருத்துவ அறிக்கையிலும், நீதிமன்றத் தீர்ப்பிலும் இச்சொற்களே அமர்ந்துகொண்டு பொருளின் எடையைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றன.

ஐயத்தைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ‘கொல்’ என்னும் இடைச்சொல் ஐயப் பொருளில் வரும் எனத் தொல்காப்பியர் விதித்துள்ளார். இருளில் தோன்றும் உருவம் கட்டையோ, மனிதனோ என ஐயுறும்போது எவ்வாறு பேசுவது என்பதற்கும் நம் பழைய இலக்கணத்தில் இடமுண்டு. இன்றைய பேச்சிலோ படிகள் இன்னும் மிகுதி. ‘வருவான்’, ‘வரலாம்’, ‘வரக்கூடும்’, ‘வந்தாலும் வருவான்’ என ஒவ்வொரு படியாக உறுதி தேய்ந்துகொண்டே போவதைக் காண்க. ‘வில்’, ‘மே’, ‘மைட்’ என ஆங்கிலமும் இவ்வாறே இறங்குகிறது. ‘மழை வந்தாலும் வரும்’ என்று சொல்லிக் குடையைக் கையில் கொடுக்கும் தாய், ‘மைட்’ என்னும் சொல்லின் பொருளை அகராதியின்றி அறிந்தவள். ‘மே’யின் இறந்தகாலமே ‘மைட்’ என்று மட்டும் படித்த மாணவன், இன்றிரவு பெய்யக்கூடிய மழைக்கு அச்சொல் எப்படிப் பொருந்தும் எனத் திகைப்பான். பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும்போது அது இறந்தகாலமாக நிற்கும். அன்றாட வழக்கில் அதற்குப் பெரிதும் உள்ள வேலை, ஐயத்தை மேலும் ஒரு படி மிகுவிப்பதே.

‘கேன்’ என்பதில் நம் மாணவர் இடறுவது வழக்கம். ‘சித்திரையிலும் மழை பெய்வதுண்டு’ என்பது ‘கேன்’. ‘இன்று மாலை மழை பெய்யலாம்’ என்பது ‘மே’. முன்னது உலகியல்பு, பின்னது குறித்த ஒரு நாளைப் பற்றிய ஐயம். ‘இட் கேன் ரெயின் டுடே’ என எழுதுவது இவ்விரண்டையும் குழப்புவதாகும். தமிழில் ‘உண்டு’ என வரும் இடமா, ‘லாம்’ என வரும் இடமா என்று பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ என்பதற்கு ‘அறிதல்’ என்பதே பொருள். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் இன்றும் ‘கேன்’ என்றே சொல்கின்றனர். இரு மொழிகளும் தொலைவில் பிறந்தும் ஒரே எண்ணத்தில் சந்திப்பது வியப்பே.

கதவு தட்டப்படுகிறது. ‘தபால்காரராக இருக்கும்’ என்கிறோம். வினை எதிர்காலம், பொருளோ இந்த நொடியைப் பற்றிய ஊகம். ஆங்கிலேயரும் இங்கு ‘வில்’ என்பர். விளக்கு எரிவதைக் கண்டு ‘ஆள் இருக்க வேண்டும்’ என்றால் அது ‘மஸ்ட்’. இதன் எதிர்மறை ‘மஸ்ட் நாட்’ எனக் கொள்வது தவறு. அது பெரும்பாலும் விலக்கைக் குறிக்கும். ‘ஆள் இருக்க முடியாது’ என்னும் ஊகத்துக்கு ‘காண்ட் பி’ என்பதே வழக்கு. இங்கும் தமிழே கைகொடுக்கிறது.

தமிழ் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘அவர் வந்திருக்கலாம்’ என்ற தொடருக்கு இரு பொருள். வந்தாரோ, என்னவோ, அறியோம் என்பது ஒன்று. வர வழியிருந்தும் வரவில்லையே என்னும் மனக்குறை மற்றொன்று. முன்னதற்கு ‘மே ஹேவ் கம்’. பின்னதற்கு ‘குட் ஹேவ் கம்’. அவ்வாறே ‘வந்திருக்க வேண்டும்’ என்பதும் இருபொருள் படும். வந்தார் என்றே ஊகிக்கிறோம் எனில் ‘மஸ்ட் ஹேவ் கம்’. வருவது கடமை, ஆனால் வரவில்லை எனில் ‘ஷுட் ஹேவ் கம்’. பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிவிடும். தாளில் குரல் இல்லை.

வன்கொடுமை வழக்கு ஒன்றில் அடிபட்ட முதியவர் சாட்சிக் கூண்டில் நின்று, ‘அதிகாரி அன்றைக்கே வந்திருக்க வேண்டும்’ என்கிறார் எனக் கொள்வோம். வரவில்லையே என்பது அவர் நெஞ்சின் முறையீடு. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாதலின், மேல்முறையீட்டில் அச்சாட்சியம் மொழிபெயர்க்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் ‘மஸ்ட் ஹேவ் கம்’ என எழுதிவிட்டால், அதிகாரி வந்திருப்பார் என்று முதியவரே நம்புவதாகத் தாளில் ஏறிவிடும். முறையிட வந்தவரின் சொல்லே அதிகாரிக்குச் சான்றாகிவிடுகிறது! நாளை வழக்கறிஞராகவும் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமரப்போகும் நம் இளைஞர் இந்த ஓரிடத்தையேனும் நினைவில் நிறுத்துவாராக.

ஐயத்தைப் பற்றிப் பேசும்போது அச்சத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. நம் முன்னோர் பண்ணையாரின் வாசலில் நின்று, கண்ணால் கண்டதையும் ‘இருக்கலாமுங்க’, ‘அப்படித்தான் போலிருக்குங்க’ என்று சொல்லி வந்தனர். அறியாமையால் அன்று, உறுதியாகப் பேசிய நாவுக்கு அடி காத்திருந்தமையால். அந்தப் பழக்கத்தின் நிழல் நேர்முகத் தேர்வு அறை வரை தொடர்ந்து வருவதை நாம் கண்டு வருகிறோம். மூன்றாண்டு கணக்கு வேலை பார்த்த இளைஞன், ‘இப்பணி தெரியுமா?’ என வினவப்படும்போது ‘ஐ மே பி ஏபிள், சார்’ என்கிறான். கேட்பவர் அதைப் பணிவாகக் கொள்வதில்லை. திறனில் ஐயம் என்றே குறித்துக்கொள்கிறார். ‘மே’, ‘மைட்’ ஆகியவை நாம் அறியாதவற்றுக்கு உரிய சொற்கள். சொல்ல அஞ்சுபவற்றுக்கு உரியவை அல்ல. பணிவைக் காட்ட ‘குட் யூ’, ‘வுட் யூ’ போன்ற வினா வடிவங்கள் வேறே உள்ளன. ‘குட் ஏபிள் டு’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கையும் இங்கேயே விட்டுவிடுதல் நலம். ‘கேன்’ ஒன்றே போதும்.

இனி அலுவலகக் கடிதத்துக்கு வருவோம். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படலாம்’ என்னும் பொருளில் ‘மே பி கன்சிடர்ட்’ என வந்தால், அது வாக்குறுதியன்று. அதனை நம்பி வேறு வேலைக்கு விண்ணப்பியாமல் இருப்பவர் ஏமாறுவார். ஆனால் அதே அலுவலகம் ‘யூ மே ப்ரொட்யூஸ் த சர்ட்டிபிகேட்ஸ்’ என எழுதினால், விரும்பினால் கொண்டுவரலாம் என்பது பொருளாகாது. நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் அது மென்மையாகச் சொன்ன கட்டளை. மேலதிகாரியின் குறிப்பில் ‘கோப்பை முடித்துவிடலாம்’ என இருந்தால் கோப்பு முடிந்துவிட்டது! முதல் ‘மே’யை உறுதியென நம்பியும், இரண்டாம் ‘மே’யை விருப்பமென எண்ணியும் இடம் இழந்தவர் நம்மிடையே உண்டு. இதற்கு இலக்கண நூல் உதவாது. யார் எழுதுகிறார், யார் செய்ய வேண்டிய செயல் அது என்று பார்த்தல் வேண்டும். செயல் நம்முடையதாயின் ‘மே’யைக் கட்டளையாகக் கொள்க, செயல் அவர்களுடையதாயின் ஐயமாகக் கொள்க. இம்முறை பெரும்பாலும் பிழைபடாது.

சட்டத்தில் இச்சொற்களுக்கு எடை இன்னும் மிகுதி. ‘மே’ என எழுதப்பட்டிருந்தாலும் அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருப்பின் அதிகாரி செய்தே தீர வேண்டுமா என்னும் வினாவை, ஜூலியஸ் என்பவரின் வழக்கில் 1880-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விரிவாக ஆராய்ந்தது. நம் நீதிமன்றங்களும் சில சட்டங்களில் ‘மே’யை ‘ஷல்’ எனவே படித்துள்ளன. ஆகவே சொல்லை மட்டும் கண்டு முடிவு கட்டுதல் ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழு உருவாக்கி, 1950 சனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்குவதைக் கூறும் 330-ஆம் பிரிவின் வினை ‘ஷல்’. ஒதுக்கியே தீர வேண்டும். அரசுப் பணி ஒதுக்கீட்டைக் கூறும் 16-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவிலும் ‘ஷல்’ உண்டு. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று நோக்குக. அரசு ஒதுக்கீடு செய்வதை இப்பிரிவிலுள்ள எதுவும் தடுக்காது என்பதே அதன் அமைப்பு. ‘ஷல்’ தடையை நீக்குகிறது, ஒதுக்குமாறு ஆணையிடவில்லை. 2020 பிப்ரவரியில் உத்தராகண்ட் அரசுப் பணி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு இவ்வொதுக்கீட்டைச் செய்தே ஆக வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட இயலாது எனத் தீர்ப்பளித்தது இதன் அடிப்படையிலேதான். எனவே முன்னது மீறப்பட்டால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். பின்னது கிடைக்க வேண்டுமாயின் சட்டமன்றத்திலும் அமைச்சரவையிலும், தேவைப்படின் தெருவிலும் கேட்டுப் பெற வேண்டும். எந்த வினை எங்கு நிற்கிறது என்று அறிந்தபின் மனுவை எழுதத் தொடங்குக.