ஜாமீன் போடாத தூய்மை

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எழுத்தராகப் பேசப்போகிறேன். அணுசக்தியைப் பற்றிப் பேச நீ யார், விஞ்ஞானியா என்று கேட்பீர்கள். கடனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இது கடன் சமாச்சாரமும்கூட.

1959இல் இத்தாலியில் ஓர் அணுமின் நிலையம் கட்ட உலக வங்கி 4 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதற்கப்புறம் அணு உலைக்கென்று அது யாருக்கும் கொடுக்கவில்லை. 66 வருஷம் கழித்து, 2025 ஜூனில், தடையை நீக்கிவிட்டுச் சர்வதேச அணுசக்தி முகமையோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதற்கு முன்பே 2023 டிசம்பரில், துபாய் காலநிலை மாநாட்டில், 22 நாடுகள் கூடி 2050க்குள் உலகின் அணுமின் திறனை மூன்று மடங்காக்குவோம் என்று அறிவித்தன. வங்கிகள் கடன் தரணும் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. இந்தியா அன்றைக்கு அதில் சேரவில்லை. 2025 பட்ஜெட்டில் 2047க்குள் 100 கிகாவாட் என்று தனியாக அறிவித்துக்கொண்டது. எல்லோரும் சொல்கிற காரணச்சொல் ஒன்றுதான்: தூய்மை. தூய்மையான எரிசக்தி.

இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுது. எங்கம்மா பேரூராட்சியில இருபது வருஷம் தெருக் கூட்டுச்சு. அப்ப அந்த வேலைக்குத் துப்புரவு என்று பெயர். பிற்பாடு தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். "பேரு வந்துருச்சு, கையுறை எப்படா வரும்?" என்று கேட்டுச்சு. தூய்மை என்பதை நான் ஓர் ஏற்பாடாகப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஓர் இடம் சுத்தமா இருக்கணும்னா அதோட அழுக்கு இன்னொரு இடத்துக்கு, இன்னொரு உடம்புக்குப் போயாகணும். அந்த உடம்பு யாருடையது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பதற்குத்தானே சாதி என்று பெயர்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரியின் கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு விட்டால் அணு 12 கிராம் விடுகிறது, சுரங்கம் தோண்டுவதையும் சேர்த்து. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014இல் கொடுத்த எண்கள் இவை. எண்ணூரில் நிலக்கரிச் சாம்பலை மூச்சில் இழுப்பதும் நம்ம சனங்கதான். ஆகவே கரியே போதும் என்று நான் வாதாட வரவில்லை. அந்த 12 கிராம் எழுதியிருக்கிற பேரேட்டில் எந்தப் பற்று எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்றொரு நாடு. ஆர்லித் என்கிற அதன் பாலைவன ஊரில் 1970களின் தொடக்கத்திலிருந்து பிரெஞ்சுக் கம்பெனி யுரேனியம் தோண்டியது. பிரான்சின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. நைஜரில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே இல்லை. அங்குள்ள சுரங்கம் ஒன்றை 2021 மார்ச்சில் மூடியபோது 2 கோடி டன் கதிரியக்கக் கழிவு குவிந்து கிடந்தது. சுரங்கத்தின் பழைய இரும்பு ஊர்ச் சந்தையில் விலைபோய்க் கொண்டிருந்ததை 2003இல் அளவுகருவியோடு போன பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். இதற்கும் ஒத்துழைப்பு என்றுதான் பெயர்.

ஜப்பானில் புராக்கு மக்கள் இருக்கிறார்கள். தோல், இறைச்சி, பிணம் தொட்ட தொழில்களைச் சொல்லித் தீண்டத்தகாதவர்களாக்கப்பட்டவர்கள். நம்மவர்கள் போலத்தான். அவர்களும் ஊரைவிட்டு ஓடிவந்த கூலிகளும் ஒண்டிக்கிடந்த சான்யா, கமகசாகி போன்ற தினக்கூலிச் சந்தைகளிலிருந்து தரகர்கள் அணு உலை துடைக்க ஆள் பிடித்தார்கள். ஹோரியே குனியோ என்ற எழுத்தாளர் தானே அந்தக் கூலியாகப் போய் வேலை செய்துவிட்டு 1979இல் புத்தகம் எழுதினார். கம்பெனிக்குக் கீழே ஒப்பந்தக்காரன், அவனுக்குக் கீழே ஒருத்தன், அவனுக்கும் கீழே ஒருத்தன். கடைசியில் நிற்கிறவன் கையில் துடைக்கும் துணி.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா வெடித்தது. அவசர வேலை செய்கிறவர் உடம்பில் வாங்கலாம் என்று வைத்திருந்த எல்லை 100 மில்லிசீவர்ட். சில நாட்களிலேயே அதை 250 ஆக்கினார்கள். உடம்பு அதே உடம்புதான். தொழிலாளி ஒருவர் கதிர்வீச்சால் செத்தார் என்று அரசு முதன்முதலாக ஒப்புக்கொண்டது 2018 செப்டம்பரில். ஐம்பது வயதைத் தாண்டியவர், நுரையீரல் புற்று. அங்கே அவர் பார்த்த வேலை கதிர்வீச்சை அளப்பது.

நம்ம கூடங்குளத்துக்கு வருகிறேன். 1988 நவம்பரில் ராஜீவும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். செர்னோபில் வெடித்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. சோவியத் உடைந்தபிறகு 1998இல் ரஷ்யாவோடு தொடர்ந்தார்கள். இடிந்தகரை உங்களுக்குத் தெரிந்த கதை, நீட்டவில்லை. நான் ஜாமீனைத்தான் பார்க்கிறேன். இருபதாயிரம் கடன் கேட்டு வருகிற கூலிக்காரரிடம் நாங்கள் ஜாமீன்தார் எங்கே என்று கேட்போம். கையெழுத்தில் ஒரு சுழி பிசகினாலும் திருப்பி அனுப்புவோம்.

2010இல் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தது. போபாலின் 1984 சாவுகளுக்கு 47 கோடி டாலரில் 1989இல் கணக்கை முடித்த கசப்பு அதில் இருந்தது. நிலையத்தை நடத்துகிறவர் 1500 கோடி ரூபாய்வரை பொறுப்பு. உலை விற்றவனின் சாமானில் பழுது இருந்தால் அவனிடம் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்றது 17ஆம் பிரிவு. ரஷ்யா முகம் சுளித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் கிட்டேயே வரவில்லை. 2015இல் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கூட்டி அந்த 1500 கோடிக்கு ஒரு தொகுப்பு போட்டார்கள். அப்படியும் சமாதானமாகவில்லை. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதுச்சட்டம் பழுதுக்குப் பொறுப்பு என்ற அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. தனியாருக்கும் கதவைத் திறந்தது. சட்டத்தின் சுருக்கப்பெயர் சாந்தி! சாமான் விற்கிறவன் ஜாமீன் போடமாட்டான். அப்ப யார் போடுறது? இடிந்தகரைக்காரன் போடுறான், கையெழுத்தே கேக்காம.

என் சித்தப்பா மகன் ஓர் அணுமின் நிலையத்துக்கு, எது என்று வேண்டாம், ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். உலையை நிறுத்திப் பராமரிப்பு நடக்கிற மாதங்களில் வேலை. போன வருஷம் வீட்டுக்கு மேல்கூரை போடக் கடன் கேட்டு வந்தான்.

"எத்தன வருசமாடா போற?"

"ஒம்பது வருசம்ண்ணே."

சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் பெயர். வேலைத் தொடர்ச்சி இல்லை என்று நானே என் கையால் எழுதவேண்டியதாயிற்று. சட்டையில் குத்திக்கொள்ளத் தருகிற பேட்ஜைப் பற்றிக் கேட்டேன்.

"சாயந்திரம் வாங்கிக்குவாங்க. கணக்கு அவங்ககிட்ட இருக்கும்."

"ஒனக்கு நகல் குடுத்தாங்களா?"

"எதுக்குண்ணே, கடனுக்குக் கேப்பாங்களா?"

ஐந்நூறு ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கினால் நாங்கள் பாஸ்புக் கொடுக்கிறோம். ஒன்பது வருஷமா உடம்பில் சேர்ந்த கணக்குக்கு அவன் கையில் ஒரு தாள் இல்லை. உலக வங்கி கடன் தருவதற்கு முன்னால் நிபந்தனைகள் போடும். அதில் நம்மவர்கள் பட்ட பாடு தனிக்கதை. இந்த ஒரு நிபந்தனையையும் போடட்டும்: ஒப்பந்தக்காரன் மாறினாலும் மாறாத கதிர்வீச்சுக் கணக்குப் புத்தகம், கூலியாளின் கையிலேயே, அவன் மொழியிலேயே. சுரங்கத்திலிருந்து உலைவரைக்கும். மனு ஒன்று வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் போகும்போது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஆங்கிலம் என்னுடையது, தப்பு இருக்கும்.