ஓடட்டும், விடுங்கள்

"ஓடாதே, இளைக்கும்." ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பி.டி. வகுப்பில் எல்லோரும் ஓட, அந்தப் பிள்ளை மட்டும் தோழர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். அதை எழுப்பி ஓட விடத்தான் இன்று பேசுகிறேன்.

இத்தாலியின் டோலமைட் மலையில், ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் மிசுரினா என்றோர் ஏரி. அதன் கரையில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்று பல்லாண்டுகள் இயங்கியது. தூசி ஒவ்வாமையோடு வந்த பிள்ளைகள் அங்கே மாதக்கணக்கில் தங்கினார்கள். நாள் செல்லச் செல்ல மூச்சுக்குழலின் அழற்சி தணிந்ததை மருத்துவர்கள் அளந்து பார்த்தே சொன்னார்கள்.

காரணம், அங்கே இல்லாத ஒன்று. நம் மெத்தையிலும் தலையணையிலும், உதிர்ந்த தோல் துகளைத் தின்று வாழும் தூசிப்பூச்சி, கண்ணுக்கே தெரியாது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சுகிறது. ஆல்ப்ஸ் உயரத்தின் வறண்ட காற்றில் அதனால் பிழைக்க முடியாது. பிள்ளைகள் சமவெளிக்குத் திரும்பியதும் அழற்சியும் மெல்லத் திரும்பியது. ஆக, மலை நோயைத் தீர்க்கவில்லை. நோயைத் தூண்டுவதிலிருந்து பிள்ளையை விலக்கி வைத்தது, அவ்வளவுதான். பனிமூட்டமும் ஈரமும் நிறைந்த ஊட்டியில் அதே பலனை எதிர்பார்த்து மூட்டை கட்டாதீர்கள். தலையணை உறை, போர்வைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பஞ்சு பொம்மைகள் கட்டிலை விட்டு இறங்கட்டும்.

சரி, ஓட்டம்? வேகமாக ஓடும்போது வாய்வழியே காற்று நிறைய உள்ளே போகிறது. அது மூச்சுக்குழலின் ஈரத்தை உலர்த்த, குழல் இறுகுகிறது. பெரும்பாலும் ஓடி நின்ற சில நிமிடங்களில் வீசிங் வருவது இதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்து, மெல்ல ஓடி உடலைச் சூடாக்கினால் இது குறையும். மருத்துவர் சொல்லியிருந்தால் விளையாடுவதற்கு முன்பே இன்ஹேலர் எடுக்கலாம். தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை மட்டும், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நோய் கட்டுக்குள் இருந்தால், பழகப் பழக அதே ஓட்டத்துக்கு வாங்கும் மூச்சு குறைகிறது. 2003இல் லண்டன் மராத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்க்ளிஃப், சிறுவயது முதலே ஆஸ்துமா உள்ளவர்.

நாளைக்கே பள்ளிக்குப் போய் பி.டி. ஆசிரியரைப் பாருங்கள். இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது, இளைத்தால் எத்தனை பஃப் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே, "இவளையும் ஓட விடுங்கள் சார்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.