இழந்த பல்லும் எடுக்கும் முடிவும்



‘பல் போனால் சொல் போகும்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் ஒரு பல் விழுந்ததும், “இந்த வயதில் இனி எதற்கு?” என்று நாம் வாளா இருந்துவிடுகின்றோம். அவ்விடமோ அப்படியே இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் சாய்கின்றன. தாடை எலும்பும் நாளடைவில் தேய்கின்றது.

வழிகள் மூன்று. கழற்றி மாட்டும் பொய்ப்பல்லுக்குச் செலவு குறைவு, ஆனால் அசையும். பாலம் கட்டினால் அசையாது; ஆனால் நலமாயுள்ள இருபுறப் பற்களையும் அராவ வேண்டும். மூன்றாவது ‘இம்பிளாண்ட்’, எலும்பிலேயே டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் பல் பொருத்துவது. முயலின் எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டதைக் கண்ட சுவீடன் அறிஞர் பிரோனெமார்க், 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதனைப் பதித்தார். வேற்றுப் பொருளையும் எலும்பு தன்னதாக ஏற்கின்றது, மைசூர் நம்மை ஏற்றதுபோல!

அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 திங்கள் வேண்டும், செலவும் மிகுதி. முதுமை மட்டுமே தடையன்று. கட்டுக்கடங்காத நீரிழிவும், புகைப்பழக்கமும், ஈறுநோயுமே பெருந்தடைகள். ஆகவே விளம்பரம் கண்டு விரையவும் வேண்டாம். விலை கேட்டு ஒதுங்கவும் வேண்டாம். 1986-இல் தோன்றிய ஜே.எஸ்.எஸ். பல்மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே உள்ளது. அத்தகைய இடத்தில் எலும்பின் அளவையும் இரத்தச் சர்க்கரையையும் ஆய்ந்தறிந்து, மூன்று வழிகளின் செலவையும் கேட்டெழுதி, குடும்பத்தோடு கலந்து முடிவு செய்வோம்.

நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர். தமிழை நம் வாயிலிருந்தே கேட்கின்றனர். “இந்த வயதில் எதற்கு?” என்னும் வினாவுக்கு அதுவே விடை.